இரண்டாவது கடிகாரம்

ஞாயிற்றுக்கிழமை தலைமையகம் புதிய சிஸ்டத்தை ஏற்றிவிட்டது.
திங்கள் இரவு பத்தே முக்காலுக்கு
எட்மன்டன் இழுவை வண்டி அலுவலகத்தில்
என் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன்.
வேறு யார் வீட்டுக்குள்ளோ
என் சாவியைப் போட்டு நுழைந்த மாதிரி இருந்தது.

ஆறு வருடமாக இடது ஓரத்தில்
நிமிர்ந்து நின்ற பட்டை
கீழே படுத்திருந்தது.
ஐகான்கள் எல்லாம் நடுவில்,
மைனஸ் முப்பதில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்
கண்ணாடிக் கூண்டுக்குள் ஒண்டுவது போல
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
டிரைவர்கள் நம்பரை எல்லாம் நான் கோத்து வைத்திருந்த
கருவிப்பட்டையைக் காணோம்.
தேடினேன். அந்த வசதியே இனி இல்லையாம்.
யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்று கேட்க
அந்த நேரத்தில் ஒருவரும் இல்லை,
ஒயிட்மட் சாலையில் பள்ளத்தில் இறங்கிய காரிலிருந்து
அழைத்தவரைத் தவிர.

அவருக்கு வண்டி அனுப்பிவிட்டு
வலது க்ளிக் செய்தேன்.
நிமிர்த்த முடியாது; இடப்பக்கம் ஒதுக்கலாம், அவ்வளவுதான்.
ஒதுக்கினேன். தேடல் பெட்டியை மறைத்தேன்.
வானிலையைத் தூக்கினேன்:
இந்த ஊரில் குளிர் எவ்வளவு என்று
மூக்குக்கே தெரியும்.
வரைபடம், கட்டணத் தாள், கால்குலேட்டர்,
மூன்றையும் பழைய வரிசையில் குத்தி வைத்தேன்.
காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பும்போது
அது மறுபடி என் மேசை.

செவ்வாய் இரவு
எல்லாம் நடுவில்.
வானிலை திரும்பியிருந்தது,
மைனஸ் முப்பத்தொன்று என்ற பெருமையோடு.
கால்குலேட்டர் இருந்த இடத்தில் சீட்டாட்டம்.

பகல் ஷிப்ட்.
பட்டியலில் ஹப்டோம் என்று இருக்கும்.
ஒரே பாஸ்வேர்டு, ஒரே நாற்காலி, மூன்று வருடம்.
முகம் பார்த்ததில்லை.
இழுப்பறையில் அவருடைய இஞ்சி மிட்டாய் கிடக்கும்,
எண்ணி வைத்திருப்பாரோ என்று தொடமாட்டேன்.
நாற்காலியை அவர் இறக்கிவிட்டுப் போவார்,
நான் ஏற்றுவேன்.
அதுவரை எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவே.

நான் இடதுக்கு இழுத்தேன். அவர் நடுவுக்கு.
நான் இழுத்தேன். அவர்.
வெள்ளிக்கிழமை பட்டை இடதிலேயே இருந்தது.
வானிலையும் இருந்தது.
கால்குலேட்டர் தன் இடத்துக்கு வந்து
சீட்டாட்டம் கடைசியில் போய் நின்றது.
சரி, இருக்கட்டும் என்று விட்டேன்.

அதிகாலை மூன்று நாற்பது,
போன் வாயை மூடியிருந்த நேரம்.
வலதுமூலை மணியின் மேல்
அம்புக்குறி தற்செயலாகப் பட்டது.
சின்னதாய் ஒரு பெட்டி விரிந்தது.
எங்கள் நேரத்துக்குக் கீழே இன்னொரு நேரம்,
பிற்பகல் ஒன்று நாற்பது.
ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
செலாம்.

ஊரா, ஆளா,
ஆள் என்றால் மகளா, மனைவியா,
கேட்க வழியில்லை.
பத்து மணி நேரம் முன்னால்.
வரைபடத்தைத் திறந்து விரலை ஓட்டினேன்.
மாஸ்கோவிலும் ஒன்று நாற்பது, நைரோபியிலும்,
ரியாத், பாக்தாத், அஸ்மாரா,
நடுவே பெயர் தெரியாத எத்தனையோ.
ஒரு பெயரை ஒளித்து வைக்க
எவ்வளவு பெரிய இடம்.

அமைப்புகளுக்குள் போனேன்.
செலாமுக்கு நேராக ஒரு டிக்.
எடுத்தால் போய்விடும்.
எடுக்கவில்லை.
கீழே இன்னொரு கடிகாரத்துக்கு இடம் காலியாக இருந்தது.

பெயர் கேட்டது.
இரண்டு எழுத்து அடித்து அழித்தேன்.
அதுவாகவே போட்டிருந்த 'கடிகாரம் 2' போதும்.
நேரத்தை மட்டும் கொடுத்தேன்:
மாலை நாலு பத்து.

அவருடையதைப் போல ஒளிய முடியாது என்னுடையது.
பன்னிரண்டரை மணி நேரம்.
அந்த அரை ஒட்டிக்கொண்டு வருகிற ஊர்கள் கொஞ்சம்தான்.
ஹப்டோம் கண்டுபிடித்துவிடுவார்.

போன் அடித்தது. யெல்லோஹெட் சாலையில்
பேட்டரி செத்த வண்டி, உள்ளே இரண்டு பேர்.
டிரைவர் நம்பருக்கு
கை பழக்கத்தில் இடது ஓரத்துக்குத்தான் போனது,
ஒன்றுமில்லாத இடத்தில்
ஒருமுறை க்ளிக் செய்தது.