லியோனில் இருப்பவனின் நிலம்

ஏப்ரல் முடிவதற்குள் என்கிறது
ஊராட்சித் தாள்.
அதுவும் காய்ந்துதான் கிடக்கிறது
கதவிடுக்கில்.

பெல்மிரோ ஏணிமேல் நின்று
கூரையோரத் தகரப் பீலியிலிருந்து
பிடி பிடியாய் அள்ளிப் போடுகிறான் பைன் ஊசிகளை.
நடுவே ஒரு டென்னிஸ் பந்து.
எங்கள் வீட்டில் யாரும் டென்னிஸ் ஆடியதில்லை.

விறகடுக்கைப் பிரித்து
முப்பது எட்டு தள்ளி மறுபடி அடுக்கினோம்.
சுவரோரம் இருந்தால் கைக்கு எட்டும்.
நெருப்புக்கும் எட்டும்.
தாழ்ந்த கிளைகளை
என் தலைக்குமேல் ஒரு முழம்வரை அறுத்தோம்,
தரையில் ஊர்ந்து வருவது
ஏறிப்போகப் படி இருக்க வேண்டாமென்று.

சன்னலடி லாரலை மட்டும்
மூன்று வருடம் தள்ளிப்போட்டிருந்தேன்.
இந்த வருடம் நானே வெட்டினேன்.
அடுக்களைக்குள் இத்தனை வெளிச்சம் வருமென்று
அப்போதுதான் தெரிந்தது.
எரிச்சலாய் இருந்தது அந்த வெளிச்சம்.

இவ்வளவும் எங்கள் மதில்வரைதான்.
அந்தப் பக்கம் எவரிஸ்தோவின் நிலம்.
பெய்ரா மலையில் பிறந்தவன்,
பிரான்சில், லியோனில், டைல்ஸ் பதிக்கிறான்.
ஏழு வருடமாய் இங்கே
தானாய் முளைத்த யூகலிப்டஸ்
தன் பட்டையை உரித்து உரித்து
தன் காலடியிலேயே குவிக்கிறது,
யாருக்கோ அடுப்பு கூட்டிவைப்பதுபோல.

போன் செய்தேன்.
ஆகஸ்டில் வருகிறேன் என்றான்.
ஆகஸ்டில் அதுவும்தான் வரும் என்றேன்.
சிரித்தான். லைன் போய்விட்டது.

ஜூனில், நிலவு இருந்த இரண்டு இரவுகள்
மதிலேறிக் குதித்தோம்.
அறுபத்தொரு வயதில் திருடினால்
முதல் சாட்சி முழங்கால்தான்.
மோட்டார் ரம்பம் எடுக்கவில்லை, ஊர் கேட்கும்.
ஊரென்றால் இப்போது நான்கு வீடு.

மறுநாள் ரொட்டி வண்டியருகே
என் கையின் முள்கீறலைப் பார்த்தாள் ஸுல்மிரா.
பார்த்துக்கொண்டே சில்லறை எண்ணினாள்.
"இன்னும் பத்தடி வெட்டியிருக்கலாம்."
மூன்றாம் இரவு அவளும் வந்தாள்,
பாத்திரம் துலக்கும் மஞ்சள் கையுறையோடு.

ஆகஸ்டில் தீ எதிர்மலையோடு போய்விட்டது.
இரண்டு நாள் சாம்பல் மட்டும்
துணிக்கொடியில் வந்து உட்கார்ந்தது.
நாங்கள் வெட்டியதால்தான் என்று
சொல்லிக்கொள்ள முடியாது. காற்று திரும்பியது.

எவரிஸ்தோ வந்தான்.
காரை அணைக்காமல் இறங்கி
மதிலோரம் அடிக்கட்டைகளை எண்ணினான்.
முப்பத்து நான்கு. எனக்கும் தெரியும் கணக்கு.
"என் மரம்?" என்றான்.

ஏணியைக் கொண்டுபோய்
அவன் வீட்டுச் சுவரில் சாய்த்தேன்.
"முதலில் உன் பீலியைப் பார்," என்றேன்.
அதற்குள் செடியே முளைத்திருந்தது.