கொம்புள்ள கதிரை

உட்துறைமுக வீதியில் சைக்கிளோடு சரிந்தேன்.
ஜீன்ஸ் கிழிந்தது முழங்காலுக்கு மேலே,
ஒரு பெருவிரல் நுழையுமளவு.

தையல்கடை ஜவாத் நானூறு கேட்டார்.
நான் இரண்டு நூல்கண்டு வாங்கினேன்.
ஒன்று வெள்ளை.
மற்றது, கடையில் வேறு இல்லாததால், ஊதா.

ஊசியில் நூல் கோர்ப்பதற்குள்
போன கரண்ட் திரும்பி வந்துவிட்டது.

தடித்த துணி.
ஊசி வளையும்,
வளையாவிட்டால் விரலில் ஏறும்.
முடிச்சு தோலில் படாமல் இருக்கவேண்டுமென்று
முழங்கால்தான் பிறகு சொல்லித்தந்தது.

நினைத்தது மான்.
கோட்டை வாசலில் சோற்றுப்பொதித் தாளை
மென்றபடி நிற்குமே, அது.
வந்தது நாலுகால் கதிரை.
கொம்பு வைத்தேன்.
கொம்புள்ள கதிரை.

சரி என்று காலை நுழைத்தால்
பாதி வழியில் நிற்கிறது:
முன்துணியையும் பின்துணியையும்
சேர்த்தே தைத்திருக்கிறேன், ஒன்றரை மணித்தியாலம்.

சவர அலகால் பிரித்தேன்.
நூல் போனது, துளைகள் போகவில்லை.
விளக்கில் பிடித்தேன்,
ஊதாக் கதிரையைச் சுற்றி
சின்னச் சின்ன வெளிச்சம்.

ஒவ்வொரு துளையிலும் வெள்ளை நூலில்
ஒரு குத்து, ஒரு முடிச்சு.
பதினேழு புள்ளி.

மூதூர் பஸ்ஸில் எதிர் இருக்கைப் பொடியன்
என் முழங்காலையே பார்த்தான்.
"மானுக்கு ஏன் அஞ்சு கால்?"

எண்ணிப் பார்த்தேன்.
அஞ்சுதான்.

மான் என்றானே.

சேட்டில் இரண்டாம் பொத்தான் இல்லை இப்போது.
அந்த இடத்தில் நண்டு ஒன்று யோசிக்கிறேன்.
அதன் கால்களை யார் எண்ணப்போகிறார்கள்.