புளியரை, இரவு 11.40

முப்பத்தேழு லாரி, இருநூற்றுப் பன்னிரண்டு கடை.
பாவூர்சத்திரத்துத் தக்காளி விடியுமுன்
கொல்லத்தில் இறங்க வேண்டும்.
எந்த வண்டி எந்த வழி?
ஒவ்வொன்றாய் எண்ணினால் சூரியன் அவிந்துவிடும்.

வாடகைக்கு வந்த சில்லுப்பெட்டி
இதற்கென்றே பிறந்தது, வேறெதுவும் தெரியாது.
சூடேறி, மெல்ல ஆறி,
எஸ் வளைவில் முதல் கியரில் முனகும் வண்டிபோல
மேடு மேடாய் ஏறிப் பள்ளம் தேடும்.
ஒன்பது விநாடி.

குவாண்டம் எங்கோ கடல் தாண்டி
உறைகுளிரில் தொங்குகிறது.
மேடேறாதாம். ஆரியங்காவுக் குகை ரயில் மாதிரி
மலையின் வயிற்றோடு போய்விடுமாம்.
இமைப்பொழுதுதான்.
ஆனால் கணக்கை அதன் கம்பிகளுக்கு ஏற்ப
வெட்டி, முடிச்சிட்டு, அறுந்ததை மறுபடி முடிந்து
கொடுப்பதற்குள் என் மதியம் போயிற்று.

பதினான்கு கிலோமீட்டர் வித்தியாசம்,
சில்லின் வழிதான் குறைவு.
இதுவே அடிமட்டப் பள்ளம் என்று
இரண்டும் சத்தியம் செய்யவில்லை.

செக்போஸ்டில் சொன்னேன்.
கட்டஞ்சாயாவை ஊதிக்கொண்டே மைதீன் பிச்சை:
"குகை வண்டி வெரசாத்தான் போவும்.
டேசன் வரைக்கும் தக்காளிய யாரு சொமக்கா?"

தூறல்.
கோட்டைவாசலுக்கு அப்பால் மரம் சாய்ந்திருக்கிறதாம்.
மடிக்கணினியைத் திறந்தேன்,
இன்னொரு ஒன்பது விநாடிக்கு.