உவர்மலையில் ஒரு வீட்டை அளக்கிறோம்

நாடாவின் மறுமுனை மூதூர் ஜவ்பரிடம்.
"இருபத்தொன்று புள்ளி நாலு" என்கிறார்.
எழுதுகிறேன்.

மக்ரே என்றொருவன் கட்டியது.
முகட்டின் இரு பக்கமும்
படிப்படியாய் ஏறுகிற முகப்புச் சுவர்.
காகப்படி என்பார்களாம் அவன் நாட்டில்.
இங்கேயும் காகம்தான் ஏறி நடக்கிறது;
அந்த ஒன்றில் அவன் கணக்குப் பிழைக்கவில்லை.

கூரைச் சரிவு ஐம்பது பாகை.
பனி வழுக்கி விழுவதற்காம்.
இத்தனை மாரியில் அதில் வழுக்கியது
மழையும்
ஒருமுறை மின்சாரசபைப் பொடியனும்.

கச்சான் காற்றில் சுவரே கொதிக்கும் ஊரில்
மண்டபத்துக்குள் ஒரு கணப்படுப்பு,
கருங்கல்லில், சிங்கத் தலைகளோடு.
உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன்.
விரலில் ஒட்டவும் கரி இல்லை.
"உயரம்?" என்றார் ஜவ்பர்.
வௌவால் வரைக்கும் என்றேன்.

பின்னால் மதில் சூழ்ந்த தோட்டம்.
கொஞ்ச வெயிலைப் பிடித்துவைத்துப்
பழம் பழுக்கவைக்கிற மதில்.
பீச் மரக் கிளைகளை இழுத்துக் கட்டிய ஆணிகளில்
காவற்காரரின் சாரம் காய்கிறது,
கால் மணித்தியாலத்தில்.

ரோசாவை மான் தின்றது.
கோட்டையிலிருந்து இறங்கிக்
கடற்கரை வீதியால் நடந்து வந்து தின்றது.
மக்ரேயின் மனைவி கணக்குக் கொப்பியில்
மாதம் தவறாமல் ஒரே வசனம் எழுதியிருக்கிறாள்:
மான்கள் மறுபடியும்.
கடைசிப் பக்கத்தில் மட்டும் வேறு:
மான்கள் வரவில்லை. என்னவாயிற்றோ.

நடுவில் வெண்கலச் சூரியக் கடிகாரம்.
முள் ஐம்பத்தேழு பாகையில் நிற்கிறது.
இந்த ஊருக்கு எட்டரை போதும்.
அங்கிருந்து அப்படியே
கழற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.
காலையில் பொய், பின்னேரம் பொய்,
உச்சியில் ஒரு கணம் உண்மை.
சித்திரை பிறந்தால் அதுவுமில்லை,
நிழல் தன் காலுக்குள் சுருண்டு படுத்துவிடும்.
ஜவ்பர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து
லுஹருக்குப் போய் வந்தார்.

ஒவ்வொரு செடியின் அடியிலும்
ஈயத் தகட்டில் பெயர் பொறித்து நட்டிருந்தானாம்.
தேடினேன். ஒரு தகடும் இல்லை.
காவற்காரர் சிரித்தார்:
"அதெல்லாம் வலைக்குப் போச்சுது, பிள்ளை.
ஈயம் நல்ல பாரமெல்லோ.
திருக்கடலூர் ஆக்கள் எப்பவோ உருக்கிப்போட்டாங்கள்."

படத்தின் மூலையில்
குறிப்புகள் என்றொரு கட்டம் உண்டு.
தோட்டம், பதினெட்டுப் பேர்ச் என்று எழுதினேன்.
செடிப் பெயர்கள், கடலடியில்.
ஆழம் அளக்கவில்லை.
எங்கள் நாடா முப்பது மீற்றர்தான்.