பெற்றுக்கொண்டேன், 250 கிராம்

பதிமூன்றாவது வளைவில்
யென்ஸ் வண்டியை நிறுத்தச் சொன்னார்.
மாதேஷ் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி ஓடினான்.
கோபன்ஹேகன் கம்பெனியின் ஆசியக் கொள்முதல் தலைவர்
தடுப்புச் சுவரில் குனிந்திருக்க
அவருடைய டையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கீழே, வெயிலில், சேலம்.
ஆலோசகர் பணியின் எல்லைகள் என்று
நானே தட்டச்சு செய்த இணைப்பில்
இது இல்லை.

அந்த ஊரில்தான் கறுப்புக் கோட்டு தைத்தேன்.
எட்டு வருஷம்.
அம்மாப்பேட்டைத் தறிக்கொட்டகை வாடகை வழக்கில்
ஒரு குடும்பத்தைக் காலி செய்ய வைத்தேன்,
சட்டப்படி, மிகச் சுத்தமாக.
ஜெயித்தவர் ஒரு கூடை மல்கோவா அனுப்பினார்.
தோற்றவர் அதற்குப் பிறகும்
கடைவீதியில் என்னைப் பார்த்தால் கும்பிட்டார்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
மாம்பழம் தின்றேன்.

பிறகு தூதரகம். பனி பெய்யும் தலைநகரங்கள்.
சம்பளமில்லாமல் நாற்பத்தொரு மாலுமிகள்
ஒரு துறைமுகத்தில் கப்பலோடு கிடந்தபோது
'ஆழ்ந்த அக்கறையுடன் கவனிக்கிறோம்' என்று எழுதினேன்.
'ஆழ்ந்த' வேண்டாம் என்றது மேலிடம்.
ஆறு வாரம் கழித்துத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.
அந்த ஒரு சொல் போய் வருவதற்குள்
கப்பலில் அரிசி தீர்ந்தது.

இப்போது மணிக்கணக்கில் காசு.
அந்தப் பக்கம் டென்மார்க், இந்தப் பக்கம் மிளகு,
நடுவில் நான், இரண்டு மொழியிலும் சிரித்தபடி.
முப்பத்து நாலு வருஷத்தில் யாரிடமும்
முடியாது என்று சொன்னதில்லை.
பரிசீலிக்கலாம் என்று
எத்தனை முறையோ சொல்லியிருக்கிறேன்.

நாகலூரில் சங்கக் கட்டடம். பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்கைச் சுற்றி ஏறிய கொடி.
தலைவி பூங்காவனம் ஒப்பந்தத்தின் தமிழ்ப் படியை
விரல் வைத்து, அவசரமில்லாமல் படித்தார்.
பதினாலாம் பிரிவில் விரல் நின்றது.

"மூணு வருசம் வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. சரிங்க.
இவரு வாங்காமப் போயிட்டா?"

அந்தப் பிரிவு என் கைவேலை.
ஓட்டையை வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன்.
"அப்போ இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி..."

"நீங்க எந்தத் தரப்புங்க?"

பின்னறையில் யாரோ தராசில் மூட்டையை வைத்தார்கள்.
என்ன சொல்கிறார் என்று யென்ஸ் கேட்டார்.
மறுபடியும் கேட்டார்.
"முடியாது என்கிறார்" என்றேன்.
"சரியாகத்தான் சொல்கிறார்" என்றும் சொன்னேன்.
அதையும் மொழிபெயர்ப்பு என்றே
அவர் நினைத்திருக்கலாம்.

கிளம்பும்போது மாதிரிக்குக் கொஞ்சம் மிளகு கேட்டார்.
பூங்காவனம் கால் கிலோ எடை போட்டு,
ஒரு மணி கூடுதலாக விழுந்ததை எடுத்துவிட்டு,
பொட்டலம் கட்டினார்.
ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.
"கணக்குக் காட்டணுங்க. உறுப்பினருங்க கேப்பாங்க."

பெற்றுக்கொண்டேன், 250 கிராம்.
தேதி. கையெழுத்து.
அதற்குக் கீழே பதவி என்று ஒரு கட்டம்.
வழக்கறிஞர். முதல் செயலாளர். ஆலோசகர்.
எதை எழுதினாலும் இவர் விரல் வைத்துப் படிப்பார்.
பேனா முனை காய்ந்துகொண்டிருந்தது.
மாதேஷ் வெளியே ஹாரன் அடித்தான்.

"பரவால்ல விடுங்க" என்றார் பூங்காவனம்.
"கைநாட்டு வெக்கறவங்களும்
அந்தக் கட்டத்தை வுட்டுருவாங்க."