ஒழுகும் கையுறை

தண்ணீர் செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள்.
வெள்ளியும் ஆகிவிட்டது.
வெயிலுக்காகப் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள்.
பாடாங் செராயில்
செம்பனைக் காட்டை ஒட்டிய எங்கள் தாமானில்
ஆறு பிள்ளைகள்,
ஒரு வாளி.

வாளித் தண்ணீர் சும்மா வந்ததில்லை,
துணி அலசிய மூன்றாம் தண்ணீர்.
குடிக்க ஆகாது. குளிக்க ஆகாது.
விளையாட ஆகும்.
கழிப்பறைக்குக் கொஞ்சம் மிஞ்ச வேண்டுமே என்று
வாளிக்குள் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன்.
யுகேந்திரன் குனிந்து பார்த்துவிட்டு
"கோட்டுக்கு மேலே எங்க நாடு" என்றான்.

நான் இரவு வேலைக்காரி,
பகலில் தூங்க வேண்டியவள்.
என்னைத் தூங்கவிடுகிற விளையாட்டு எது என்று
சுவரில் சாய்ந்தபடி யோசித்தேன்.

முதலில் சாயம் அடித்த பழைய பிரஷ்.
தண்ணீரில் தோய்த்துச் சிமெண்டுத் தரையில்
அவரவர் பெயர்.
யார் பெயர் கடைசியில் காய்கிறதோ
அவருக்கு ஜெயம்.
லிஷாலினி நிழலாய்ப் பார்த்துப் போய் எழுதினாள்,
கள்ளி.
பக்கத்து வீட்டு ஐமான்
தன் பெயரைத் தமிழில் கேட்டான்.
சொல்லிக் கொடுத்தேன்.
'ன்'னுக்குப் புள்ளி வைப்பதற்குள்
'ஐ' காய்ந்துபோனது.
தரையில் மான் மட்டும் நின்றது.
"மான்னா ரூசா" என்று நேத்ரா சொல்லிவிட,
அன்று முழுக்க அவன்
துள்ளித்தான் நடந்தான்.

அடுத்தது, கிழிந்த சோபாவின் பஞ்சு.
நனைத்துத் தலையில் வைத்துக்கொண்டு
மிளகாய்ச் செடிவரை நடக்க வேண்டும்.
ஒழுகினால் தோல்வி என்று சட்டம் போட்டேன்.
மூன்றாவது சுற்றில் எல்லாரும்
வேண்டுமென்றே ஓடினார்கள்.
பிடரி, முதுகு, சட்டைக்குள், கால்சட்டைக்குள்.
தோற்கத் தோற்கச் சிரிப்பு.
செடிக்குப் போய்ச் சேர்ந்தது என்னவோ
கால் டம்ளர்தான்.

சட்டம் என்றதும்
என் வேலையைச் சொல்ல வேண்டும்.
கையுறைத் தொழிற்சாலையில் எனக்குச் சோதனை மேசை.
ரப்பர் கை ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஊற்றித்
தொங்கவிட்டு
இரண்டு நிமிடம் பார்த்திருப்பேன்.
ஒரு துளி எட்டிப் பார்த்தால் போதும்,
அது கழிவு.
அங்கே தண்ணீர் வெட்டு கிடையாது,
பின்னால் பெரிய தொட்டி இருக்கிறது.
ஒரு இரவில் நான் ஊற்றிக் கொட்டுவது
எங்கள் வரிசைக்கு எத்தனை நாள் வரும்?
நான் கணக்குப் போடுவதில்லை.

பைக்குள் நாலைந்து கழிவுக் கைகள் கிடந்தன.
ஒன்றை நிரப்பித் துணிக்கொடியில் கட்டினேன்.
ஊசி எடுத்தேன்.
குத்தப்போன இடத்தில் கை நின்றுவிட்டது,
ஒன்பது வருஷப் பழக்கம்.
"குத்துங்கம்மா" என்றாள் லிஷாலினி.

ஐந்து விரலிலும் சர்ரென்று பீய்ச்சியது.
மாடு! மாடு! என்று கத்தினார்கள்.
ஐந்து காம்பு மாடு எந்த ஊரில் இருக்கிறது
என்று கேட்டான் தர்வின்.
எந்த ஊரில் இருந்தால் என்ன,
மைலோ டின்னைக் கீழே வை.
அவன் முழங்காலிட்டுக் கறந்தான்.
ஐமான் மான் என்பதை மறந்து
கன்றுக்குட்டியாகி
கட்டைவிரலில் வாய் வைக்கப் போக
ஆறு பேரும் அவனைப் பிடித்து இழுத்தார்கள்,
அவனையும் சேர்த்துத்தான் ஆறு என்பதை
யாரும் கவனிக்கவில்லை.

கறந்ததை வாளியிலேயே திரும்ப ஊற்றினார்கள்.
நான் சொல்லவில்லை.
கோடு அப்போதும்
ஒரு விரற்கடை தண்ணீருக்குள் இருந்தது.

படுத்தேன். தூங்கவில்லை.
சன்னலுக்கு வெளியே
யார் முறை, யார் முறை என்று ஒரே சண்டை.

இரவு, மேசையில்
தொங்கிய கைகளில் ஒன்று,
நடுவிரல் நுனியில்
மெல்ல ஒரு துளியைத் திரட்டியது.
இரண்டு நிமிடம் ஆகவில்லை.
தாளில் எழுதினேன்:
ஓட்டை, ஒன்று, நடுவிரல்.
மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பியதும்
ஒரே ஒரு தடவை
கறந்து பார்த்தேன்.