முப்பத்தாறாம் பத்தி

ஒன்பது இருபதுக்குக் காட்பாடியில் இறங்கினால்
சேர்க்காடு பஸ்ஸில் உட்கார இடமிருக்காது.
கம்பியைப் பிடித்தபடி படித்தேன்:
இன்றைய ஒரு ரூபாய்
நாளைய ஒரு ரூபாயைவிடப் பெரியது.

இதற்கா ஒரு பாடம்?
குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற எந்த வீட்டிலும் கேள்,
சனிக்கிழமைக் கூலியை வியாழனே வாங்கினால்
எவ்வளவு பிடித்துக்கொண்டு தருவார்களென்று
இலை வெட்டுகிற கை நிற்காமல் சொல்வார்கள்.

ஏப்ரல்.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றுகிறது,
அதன் கீழே பதினெட்டுப் பேர்.
ரூபன் எபினேசர் சார் பலகையில் ஒரு கோடு இழுக்கிறார்,
இடது முனையில் பூஜ்யம், வலது முனையில் ஐந்து.
ஐந்தாம் வருடத்தில் ஒரு லட்சத்தை நிறுத்தி
பூஜ்யத்துக்கு நடத்திக் கூட்டிவரச் சொல்கிறார்.
பத்து சதவீதம்.
வருடத்துக்கு வருடம் இளைத்து
அறுபத்திரண்டாயிரத்துத் தொண்ணூற்றிரண்டாக
வந்து சேர்ந்தது.
டிஸ்கவுண்ட் என்றால் லாங்கு பஜாரின் ஆடித் தள்ளுபடி
மட்டுமே தெரிந்திருந்த எனக்கு
பாதி புரிந்தது.

முதல் பெஞ்சில் ஷாஹிதா எழுந்தாள்:
"யாரோட பத்து பர்சென்ட், சார்?"

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.
"பணம் உனக்கு என்ன விலைக்குக் கிடைக்குதோ, அது.
ஆளுக்கு ஆள் வேற.
பரீட்சையில பத்துன்னு கொடுப்பாங்க, எழுதிடு."

சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்னாள்:
மேல்விஷாரத்தில் அவள் மாமா
காலணி மேல்பாகம் தைக்கக் கொடுக்கிறார்.
வட்டி தொடமாட்டார்கள். உறவுக்குள் கைமாற்று.
"எங்க வீட்டுல பூஜ்யம். லட்சம்னா லட்சம்தான்."
பிறகு அவளே சிரித்தாள்:
"தோல் கடனா தர்றவன் இருக்கான் பாரு,
தொண்ணூறு நாளையும் விலையிலயே தெச்சிடுவான்."

"உங்க வீட்டுல?"

எலுமிச்சைச் சோற்றை நகர்த்தினேன்.
என் செமஸ்டர் பணம் நாற்பதாயிரம்
தேசிங்கு கொடுத்தது.
ஞாயிற்றுக்கிழமை மொபெட் சத்தம் கேட்டதும்
அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுவாள்.
மூணு வட்டி.
நூற்றுக்கு, மாதத்துக்கு.
பன்னிரண்டால் பெருக்க
எனக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

நூலகத்தில் தடிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணை.
ஒன்றிலிருந்து இருபதுவரை ஒவ்வொரு வீதத்துக்கும் ஒரு பத்தி,
அப்புறம் இருபத்திநான்கு, இருபத்தெட்டு, முப்பது.
முப்பதோடு முடிகிறது.
அதற்கப்பால் வெள்ளைத்தாள்.
அச்சடித்தவர்களுக்கு அதற்கு மேல்
யாரும் கடன் வாங்கத் தெரியவில்லை.

ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.
தலையில் எழுதினேன்: முப்பத்தாறு.
புள்ளி ஏழு மூன்று ஐந்து மூன்று.
புள்ளி ஐந்து நான்கு சைபர் ஏழு.
ஐந்தாவது வரிக்கு வந்தபோது
லட்சத்தில் மிஞ்சியது
இருபத்தோராயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றுமூன்று.

அதே லட்சம். அதே ஐந்து வருடம்.

முனிரத்தினம் ஞாபகம் வந்தான்.
பத்தாவதோடு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போன தம்பி.
ஐடிஐ இடம் கிடைத்தும் போனான்.
"ரெண்டு வருஷம் பொறுத்தா என்னடா, மூளையில்லாதவனே"
என்று பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கத் திட்டியது நான்தான்.
ஐடிஐ படித்திருந்தால் வந்திருக்கும் சம்பளத்தை
முப்பத்தாறில் நடத்திக் கூட்டிவந்தேன்.
கம்பெனிப் பணத்தை அதன் பக்கத்தில் வைத்தேன்.
இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

அவன் கணக்கு சரி.

போன் எடுத்தேன். ஷிப்டில் இருப்பான்.
வைத்துவிட்டேன்.

பரீட்சையில் பத்து என்றுதான் கொடுத்தார்கள்.
எழுதினேன். எழுபத்தொன்று.

புத்தகத்தைத் திருப்பும்போது
பென்சில் கோட்டை அழித்திருக்க வேண்டும்,
நூலகர் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்.
கடைசிப் பக்கம்வரை பார்க்கவில்லை.

அடுத்த வருடம் வேறு எதற்கோ எடுத்தேன்.
என் பத்திக்குப் பக்கத்தில்
இன்னொரு கை, நீல மையில்,
ஸ்கேல் இல்லாமல் இழுத்த கோடு.
தலைப்பு: அறுபது.
புள்ளி ஆறு இரண்டு ஐந்து.
புள்ளி மூன்று ஒன்பது.

இரண்டாம் வருடத்தோடு நின்றிருந்தது.